பதினான்கு கல்லூரிகளும் ஓர் எடைச் சீட்டும்

“அக்கா, கணக்கு படிக்கறதுக்கு எந்தக் காலேஜ் நல்லதுங்க?”

இலக்கியா இதைக் கேட்டபோது நஸீமா நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே எடைமேடைமேல் ஒரு டேங்கர் லாரி ஏறிக்கொண்டிருந்தது.

“எத்தன எழுதி வெச்சிருக்க?”

“பதினாலுங்க.”

“மொத எடத்துல எது இருக்கு?”

“இன்னைக்கா, நேத்தா?”

நஸீமா அப்போதுதான் நிமிர்ந்தாள்.

நாமக்கல்லைத் தாண்டிச் சேலம் போகிற ரோட்டில் இருக்கிறது அந்த எடைமேடை. லாரிகள் காலியாக ஒரு தரம் ஏறும், லோடோடு ஒரு தரம் ஏறும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து எடைச் சீட்டு அடித்துக் கொடுப்பது நஸீமாவின் வேலை. முப்பத்திரண்டு வயது. எம்.எஸ்ஸி. கணிதம். சென்னையில் ஐந்து வருஷம் படித்து, ஐந்து வருஷமும் முதலாவதாக வந்தவள். அத்தா, அவளுடைய அப்பா, படுத்த படுக்கையானதும் அவருடைய மேடையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். அத்தா போய் நாலு வருஷமாகிறது. அவள் இன்னும் போகவில்லை.

சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராவிட்டால் அவளிடம் ஓடி வருவார்கள். அவள் சொல்லித் தரமாட்டாள். நோட்டை வாங்குவாள், எந்த வரியில் கோளாறோ அந்த வரிக்கு அடியில் ஒரு கோடு போடுவாள், திருப்பிக் கொடுப்பாள். பாடம் முடிந்தது. குரு கிரு என்று யாராவது ஆரம்பித்தால், லாரி வந்துவிட்டது என்று எழுந்து போய்விடுவாள். நாமக்கல்லில் லாரிக்கா பஞ்சம்.

இலக்கியா போன வாரம்தான் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு உட்கார வராது. நாற்காலியைக் காட்டினால் நாற்காலியைச் சுற்றி நடக்கும். கையில் ஒரு கட்டம் போட்ட நோட்டு. அதில் பதினான்கு கல்லூரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்பது கட்டம். ஹாஸ்டல் எப்படி, லைப்ரரி எப்படி, எத்தனை பேர் வெளிநாடு போனார்கள், நாமக்கல்லிலிருந்து எத்தனை கிலோமீட்டர். எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுக் கூட்டி வைத்திருந்தாள். தினமும் காலையில் எழுந்ததும் கூட்டுவாள். தினமும் வேறொரு கல்லூரி முதலில் வரும். அழித்து அழித்து, தாள் பல இடங்களில் ஓட்டையாகியிருந்தது.

“எங்கப்பா வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் டைம் குடுத்திருக்காருங்க. ஒரே ஒரு பேரு சொல்லணும். ஏன்னு காரணமும் சொல்லணும். இல்லீன்னா எங்க மாமா பேசி வெச்சிருக்கற இன்ஜினியரிங் காலேஜ்தான்.”

“அப்பா வேற என்ன சொன்னாரு?”

“வேற ஒண்ணுமில்லீங்க.”

பொய். அப்பா நாச்சிமுத்து இன்னொன்றும் சொல்லியிருந்தார். “கணக்குப் படிச்சுட்டு என்ன பண்ணுவ? நஸீமாவ விடவா நீ கெட்டிக்காரி? அதுவே எடைமேடையில உக்காந்திருக்குது.” சொந்த லாரியை ஓட்டுகிற மனிதர், இன்ஜின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை. அவர் வீட்டில் சொன்னது மேடை வரைக்கும் கேட்டிருக்கும். நஸீமாவுக்குத் தெரியும். இலக்கியாவுக்கும் அது உள்ளே உறுத்திக்கொண்டுதான் இருந்தது. பட்டியலில் அடிக்கடி முதலில் வருகிற சென்னைக் கல்லூரி, நஸீமா படித்த அதே கல்லூரி.

நஸீமா நோட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனாள். டேங்கர் இறங்கிப் போயிருந்தது. காலி மேடையின் நடுவில் நோட்டை வைத்துவிட்டு உள்ளே வந்து திரையைக் காட்டினாள்.

சைபர்.

குருமார்களுக்கு இப்படி ஒரு வியாதி உண்டு. நேராகப் பதில் சொன்னால் நாக்கு வெந்துவிடும்.

இலக்கியா அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. “அது பத்துக் கிலோவுக்குக் கீழ காட்டாதுங்க்கா. எனக்குத் தெரியாதா?”

“தெரியுதில்ல. அப்புறம் எதுக்கு தெனமும் காலையில எந்திரிச்சு அதையே எடை போடற?”

“வேற எத வெச்சுங்க பாக்கறது?”

நஸீமா ஒரு எடைச் சீட்டை எடுத்து, பின்பக்கம் நாலு வரி எழுதினாள்.

மூன்றிலிருந்து தொடங்கி எந்த ஒற்றைப்படை எண்ணை எடுத்தாலும், அது ஒரு பகா எண்ணும், 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துப் போகிற வரிசையில் உள்ள ஓர் எண்ணும் சேர்ந்த கூட்டல். இதை நிரூபி.

இலக்கியா நின்றபடியே போட்டுப் பார்த்தாள். பதினைந்து என்றால் பதின்மூன்றும் இரண்டும். முப்பத்தைந்து என்றால் முப்பத்தொன்றும் நாலும். ஐம்பத்தொன்று என்றால் நாற்பத்தேழும் நாலும்.

“வருதுங்க.”

“வரும். ஏன் வருதுன்னு சொல்லணும். இத எடுத்துட்டு உன்ற காலேஜுக்கெல்லாம் போ. டிபார்ட்மெண்டுக்குள்ள போயி, கண்ணுல படறவங்ககிட்ட குடு. எங்க இத நிரூபிச்சுக் காட்டறாங்களோ அங்க சேரு.”

“நீங்க நிரூபிச்சுட்டீங்களா?”

“லாரி வந்துருச்சு” என்றாள் நஸீமா.

உண்மையிலேயே வந்திருந்தது.

அன்று முழுக்க இலக்கியா வீட்டில் எண்களைப் போட்டுக்கொண்டே இருந்தாள். சாப்பிடும்போது இலையோரத்தில் விரலால் போட்டாள். அம்மா திட்டினாள். தொண்ணூற்றொன்பது வரைக்கும் பார்த்தாள், ஒன்றுகூடத் தவறவில்லை. அதற்குப் பிறகு நிரூபணத்தில் இறங்கினாள். நாலு பக்கம் எழுதினாள், நாலையும் கிழித்தாள்.

திங்கட்கிழமை நாச்சிமுத்துவுக்குச் சென்னைக்கு முட்டை லோடு இருந்தது.

“நானும் வர்றேம்ப்பா.”

“லாரியிலயா?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் வேணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவர் ஏற்றிக்கொண்டார்.

ஆத்தூர் தாண்டியதும் கேட்டார். “அந்தச் சீட்டுல அப்படி என்னதான் எழுதியிருக்குது?”

அவள் சொன்னாள். அவர் இரண்டு நிமிஷம் யோசித்தார்.

“இருபத்தொண்ணு?”

“பத்தொம்பதும் ரெண்டும்.”

“நாப்பத்தஞ்சு?”

“நாப்பத்தி மூணும் ரெண்டும்.”

“சரியாத்தான் இருக்குது. அப்புறம் என்னத்த நிரூபிக்கறது?”

“அதுதாம்ப்பா கேள்வியே.”

“கால ஆட்டாத கண்ணு. கியர்ல படுது.”

சென்னைக் கல்லூரியில் கணிதத் துறை இரண்டாவது மாடியில் இருந்தது. பேராசிரியர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

“இந்தக் கையெழுத்து எனக்குத் தெரியுமே. யாரும்மா எழுதினது?”

“நஸீமா அக்காங்க சார். நாமக்கல்.”

அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. “நஸீமாவா? இங்கதாம்மா உக்காந்திருப்பா, இதே பெஞ்ச்ல. அந்த மாதிரி ஒரு ஸ்டூடண்ட் அப்புறம் எனக்குக் கெடைக்கவே இல்ல.”

“இத நிரூபிக்க முடியுங்களா சார்?”

“நஸீமா எழுதினதுன்னா சரியாத்தாம்மா இருக்கும். அவ சொன்னா நாங்க திருப்பிக்கூடப் பாக்கமாட்டோம்.”

சீட்டை நாலாக மடித்து மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“இப்ப என்ன பண்றா?”

“எடை போடறாங்க சார்.”

“எத?”

“லாரிய.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ ஆறிப்போய்விட்டது. பிறகு அட்மிஷன் தேதி எல்லாவற்றையும் அவரே பொறுமையாகச் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அப்படிப்பட்ட மனிதரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இலக்கியா லாரி கேபினில் ஏறி உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். மரியாதைக்கு எத்தனை மார்க் என்று தெரியவில்லை. மூடிவிட்டாள்.

“நிரூபிச்சாங்களா?” என்றார் அப்பா.

“சரியாத்தான் இருக்கும்னாருப்பா.”

“அதத்தான் நானும் சொன்னேன்.”

மறுநாள் திருச்சி. அங்கே துறைத் தலைவி ஒரு மீட்டிங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். படிக்கட்டில் நின்றபடியே சீட்டைப் படித்தார்.

“இது எந்த எக்ஸாமுக்கும்மா?”

“எக்ஸாமுக்கு இல்லீங்க மேடம்.”

“அப்புறம் எதுக்கு?”

எதுக்கு என்று இலக்கியா யோசித்ததே இல்லை.

அந்த அம்மா கோபிக்கவில்லை. பையிலிருந்து ஒரு புத்தகம் எடுத்துக் கொடுத்தார். வழவழப்பான தாள், முப்பத்திரண்டு பக்கம், பக்கத்துக்கு எட்டுப் போட்டோ. இங்கே படித்து எங்கெங்கோ வேலைக்குப் போனவர்கள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லைப்ரரி நன்றாக இருந்தது. ஹாஸ்டல் சுத்தமாக இருந்தது. கூட்டிப் பார்த்தால் திருச்சி முதலிடத்துக்கு வந்துவிட்டது. இலக்கியா அதன் பெயருக்கு மேலே ஒரு நட்சத்திரம் போட்டாள். ஐந்து நிமிஷத்தில் அழித்தாள். அழுகை வந்தது. எதுக்கு என்று தெரியாமல் வருகிற அழுகை பெரிய தொல்லை, மூக்கைச் சிந்தினால்கூட நிற்காது.

“என்ன கண்ணு?”

“ஒண்ணுமில்லீங்ப்பா.”

“பேசாம இன்ஜினியரிங் போயிரு. இந்த ஓட்டமெல்லாம் மிச்சம்.”

அவள் பதில் சொல்லவில்லை. அவருக்கு அதுவே பயமாக இருந்தது. வீட்டில் என்றால் இதற்கு எகிறியிருப்பாள்.

வியாழக்கிழமை நெடுமருதூர். அந்த ஊரில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு நாமக்கல் கோழிப் பண்ணைக்குத் திரும்ப வேண்டும். ஏற்ற மூன்று மணி நேரமாகும் என்றார்கள். பட்டியலில் நெடுமருதூர்க் கல்லூரி பதினொன்றாவது. ஒரு கட்டத்திலும் சொல்லிக்கொள்கிற மாதிரி மார்க் இல்லை. சும்மா லாரிக்குள் உட்கார முடியாமல்தான் இலக்கியா நடந்து போனாள்.

துறை என்பது ஒரு நீள அறை. ஒரு கரும்பலகை, ஏழெட்டு பெஞ்ச். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நாலைந்து பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்தான் வாத்தியார் என்று தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பெயர் தேவசகாயம். சட்டையெல்லாம் சாக்பீஸ் தூள்.

சீட்டை இடது கையால் வாங்கிப் படித்தார்.

“யாரு எழுதினது?”

“எங்க ஊரு அக்காங்க சார். ரொம்பப் பெரிய ஆளு. சென்னையில அஞ்சு வருஷமும் ஃபர்ஸ்ட்.”

“அது இருக்கட்டும்.” கையைக் கழுவிவிட்டு வந்து பலகையில் எழுதினார். “நீ போட்டுப் பாத்தியா?”

“நூறு வரைக்கும் பாத்துட்டேங்க சார். எல்லாம் வருது.”

“பரவாயில்லயே.”

அவர் நிரூபிக்க ஆரம்பித்தார். ஒருவழியாக ஓர் ஆள் கிடைத்துவிட்டார். பத்து நிமிஷம் எழுதினார், அழித்தார், வேறு பக்கமாக வந்தார். இருபது நிமிஷத்தில் முக்கால் பலகை நிறைந்துவிட்டது. எழுதும்போது அந்த மனிதருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்த்தால், பார்க்கிறவர்களுக்கும் கை பரபரக்கும்.

“பாதி வந்துருச்சு” என்றார் திரும்பாமலே.

“சார்.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண். ரெஜினா, முதல் வருஷம். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை. டிபன் பாக்ஸ் மூடி பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு கழித்துக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நூத்தி இருபத்தேழு வரல சார்.”

“சரியாப் பாரு.”

“பாத்துட்டேன் சார். ரெண்டு தரம்.”

“பாதி வந்துருச்சுங்கறேன். எம்மேல நம்பிக்கை இல்லியா?”

“இல்ல சார்.”

யாரும் சிரிக்கவில்லை. அந்த அறையில் அது சாதாரணப் பேச்சு போலிருந்தது. இலக்கியா மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அவள் படித்த பள்ளியில் இப்படிச் சொல்லியிருந்தால் மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

தேவசகாயம் பலகையில் ஒரு மூலையை அழித்தார். நூற்று இருபத்தேழிலிருந்து ஒன்றைக் கழித்தார். நூற்று இருபத்தாறு, இரட்டை எண். இரண்டைக் கழித்தார். நூற்று இருபத்தைந்து, ஐந்தால் வகுபடும். நாலைக் கழித்தால் நூற்று இருபத்து மூன்று, அது மூன்றால் போயிற்று. எட்டைக் கழித்தால் நூற்றுப் பத்தொன்பது.

இந்த இடத்தில் அவர் நின்றார். அது பகா எண் போலத்தான் தெரிந்தது.

“ஏழு பதினேழு” என்றாள் ரெஜினா.

பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்து நாலு என்று கழித்துக்கொண்டே போனார். நூற்றுப் பதினொன்று, தொண்ணூற்றைந்து, அறுபத்து மூன்று. ஒன்றுகூடப் பகா எண் இல்லை. அதற்கு மேல் கழிக்க எதுவும் இல்லை.

அவர் ஏழு கழித்தலையும் இன்னொரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு டஸ்டரை எடுத்து, இருபது நிமிஷம் எழுதியது மொத்தத்தையும் துடைத்தார். துடைத்துவிட்டுச் சாக்பீஸை ரெஜினாவிடம் நீட்டினார்.

“அடுத்தது எது?”

டிபன் பாக்ஸ்கள் மூடப்பட்டன. அடுத்து வராத எண்ணைத் தேடி எல்லாரும் பலகைக்கு வந்துவிட்டார்கள்.

இலக்கியாவுக்குக் காது இரண்டும் சுட்டது. ஒரு தப்பான கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறாள். சென்னையில் காட்டினாள், திருச்சியில் காட்டினாள். ஏழு கழித்தல், நாலாவது வகுப்புப் பிள்ளை போடுகிற கழித்தல், அதைப் போடவில்லை.

“நூறோட ஏன் நிறுத்தின?” என்று ரெஜினா கேட்டாள். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

இலக்கியா யோசித்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் நூறு மார்க்குக்கு மேலே எதுவும் கிடையாது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு பலகையின் ஓரத்துக்குப் போனாள்.

“நூத்தி முப்பத்தேழு வரல” என்றாள் கொஞ்ச நேரத்தில்.

“வருது. எழுபத்தி மூணும் அறுபத்தி நாலும்” என்றாள் ரெஜினா.

“ஆமா.”

அழித்தாள். இந்தத் தரம் காது சுடவில்லை. இன்னும் ஐந்து நிமிஷத்தில் நூற்று நாற்பத்தொன்பது என்றாள். ரெஜினா நம்பாமல் முழுக்கப் போட்டுப் பார்த்தாள். தேவசகாயம் அவளையும் நம்பாமல் தனியாகப் போட்டுப் பார்த்தார். அப்புறம்தான் எழுதினார்கள். இலக்கியா ஜன்னல் பக்கம் திரும்பியபோது, ரோட்டில் லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. எத்தனை நேரமாக என்று யாருக்குத் தெரியும். நாச்சிமுத்து கல்லூரி வாசலுக்கே லோடு வண்டியைக் கொண்டுவந்துவிட்டார்.

ஹாஸ்டலைப் பார்க்கவில்லை. லைப்ரரியைப் பார்க்கவில்லை.

வழியெல்லாம் இலக்கியா உம்மென்று வந்தாள். கோபம். தேவசகாயத்தின் மேலோ ரெஜினாவின் மேலோ இல்லை. நஸீமாவின் மேல்.

வெள்ளிக்கிழமை காலை சோள லாரி எடைமேடையில் ஏறியது. வண்டி நிற்கும் முன்பே இலக்கியா குதித்துக் கண்ணாடி அறைக்குள் போனாள்.

“யாரும் நிரூபிக்கலீங்க்கா.”

“ஒருத்தருமா?”

“நிரூபிக்க முடியாதுங்க. அது தப்பு.”

நஸீமா சிரித்தாள். “எது தப்பு?”

“நூத்தி இருபத்தேழு.”

சிரிப்போடேயே நஸீமா ஒரு சீட்டைத் திருப்பினாள். கழிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் சிரிப்பு நின்றது. நாலாவது வரியில் பேனா நின்றது. பிறகு மெதுவாக ஏழு வரையும் எழுதினாள்.

“தெரிஞ்சுதானே குடுத்தீங்க?” என்றாள் இலக்கியா. “என்னச் சோதிக்கறதுக்குத்தானே? நேராச் சொல்லியிருக்கலாமில்லீங்க? நாலு நாளா பைத்தியமாட்டம் அலைஞ்சேன்.”

கதைகளில் வருகிற குருவாக இருந்தால் இந்த இடத்தில் ஒரு புன்சிரிப்பு சிரித்திருப்பார். எல்லாம் முதலிலேயே தெரிந்து வைத்திருப்பது அவர்கள் வழக்கம்.

“இல்ல கண்ணு” என்றாள் நஸீமா. “எனக்குத் தெரியாது.”

மேசை டிராயரை இழுத்தாள். ரப்பர் பேண்டு போட்ட சீட்டுக் கட்டுகள். எல்லாவற்றின் பின்பக்கமும் பொடி எழுத்து.

“ஏழு மாசமா இத நிரூபிச்சுட்டு இருக்கேன்.”

“சரி பாக்கலீங்களா?”

“நூறு வரைக்கும் பாத்தேன்.”

இலக்கியாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. நின்றுகொண்டே இருந்தவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“சென்னையில காட்டினியா? சாரு என்ன சொன்னாரு?”

“நீங்க எழுதினதுன்னா சரியாத்தான் இருக்கும்னாருங்க.”

“அஞ்சு வருஷமும் அப்படித்தான் சொன்னாரு.”

அழுதுவிடுவாளோ என்று இலக்கியா பயந்தாள். அழத்தான் செய்தாள், கொஞ்சம். முக்காட்டு நுனியால் துடைத்துக்கொண்டாள். இந்த எடைமேடையில் அவள் சொன்ன எடைக்கு மறுபேச்சு கிடையாது. அவள் போட்ட கோட்டுக்கும் கிடையாது. தப்பு என்று ஒரு மனுஷிக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள்.

“யாரு கண்டுபுடிச்சது?”

“ஒரு ஃபர்ஸ்ட் இயர் புள்ளைங்க. அவங்க சார் முக்கால் போர்டு எழுதி முடிச்சுட்டாருங்க. அப்படியும் விடல.”

“அவரு ஒண்ணும் சொல்லலியா?”

“அடுத்தது எதுன்னு கேட்டாருங்க.”

பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. நஸீமா எழவில்லை.

நாச்சிமுத்து இறங்கி வந்தார். “என்ன ஆச்சு? சீட்டுப் போடலியா?” இரண்டு முகத்தையும் பார்த்தார். ஏதோ நடந்திருக்கிறது என்று புரிந்தது, என்னவென்று புரியவில்லை. புரியாதபோது அவர் வேலை பேச ஆரம்பித்துவிடுவார். “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மாமன் ரெண்டு தரம் போன் பண்ணிட்டான். எந்தக் காலேஜ்?”

“நெடுமருதூர்ப்பா.”

“சோளம் ஏத்துன ஊரா?”

“ஆமாங்ப்பா.”

“காரணம்?”

இலக்கியா நோட்டைத் திறந்தாள். பதினொன்றாவது வரியில் ஒன்பது கட்டத்திலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முக்கால் போர்டைத் துடைத்ததை இவரிடம் எப்படிச் சொல்வது. நோட்டை மூடினாள்.

அவர் நஸீமாவிடம் திரும்பினார்.

“ஏம்மா நஸீமா, நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. நேராவே கேக்கறேன், மனசுல வெச்சுக்காத. அங்க படிச்சா எம்புள்ளயும் உன்னாட்டம் இங்க வந்து உக்காருமா?”

“அப்பா” என்றாள் இலக்கியா.

“இருடி. அதுக்குத்தான் தெரியும், அதையே கேக்கறேன்.”

நஸீமா ஏழு வரி எழுதிய சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அது எனக்குத் தெரியாதுங்கண்ணா. ஆனா அங்க இவ எதச் சொன்னாலும் ஒருத்தரும் அப்படியே நம்பமாட்டாங்க.”

நாச்சிமுத்து மேடைமேல் நின்ற தன் லாரியைத் திரும்பிப் பார்த்தார். ஏற்றிய ஊரில் ஒரு எடை சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு வருஷத்தில் அப்படிச் சொன்ன எடையை நம்பி, மறுபடி எடை போடாமல் அவர் ஒரு நாளும் பண்ணைக்குப் போனதில்லை.

“அட்மிஷன் ஃபார்ம் எப்பக் குடுக்கறாங்க?” என்று மகளைக் கேட்டார்.